அடையாளத்துக்கு ஒரு கடை

“அண்ணை, வாற கிழமை முடியிறவரைக்கும் கடையைப் பூட்டாதேங்கோ. என்ரை பார்சல் வரக்கிடக்கு.”

உடுப்பிட்டியில் பஸ் ஏறிய பெண் இப்படிச் சொன்னதும் நான் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். முன் இருக்கையில் அவளும், அவளுடைய ஊரில் அழகுசாமான் விற்கும் பான்சிக் கடை வைத்திருப்பவரும். கடையை ஒரேயடியாக மூடப்போகிறாராம்.

“சாமான் எல்லாம் போனிலை எடுப்பிக்கிறாய். கொண்டுவந்து வைக்க மட்டும் என்ரை கடையோ?”

“எங்கடை வீட்டு ஒழுங்கைக்கு வழி, பார்சல் கொண்டுவாற பெடியனுக்குத் தெரியாது அண்ணை. அதுதான் உங்களிட்டைக் குடுக்கச் சொல்லுறனான்.”

“என்னட்டை இல்லாத சாமானே, பிள்ளை? இல்லாட்டி விலையோ?”

விலை என்றுதான் நானும் நினைத்தேன்.

“விலை இல்லை. போன வருசம் நரைக்குப் பூசுற மை வாங்க வந்தனான். கடை நிறையச் சனம். ‘என்ன, கலியாணம் சரிவந்திட்டுதோ?’ எண்டு கேட்டியள்.”

“அக்கறையிலை எல்லோ கேட்டனான்!”

“ஓம். எல்லாரும் திரும்பிப் பாத்தவை. போன் ஒண்டும் கேக்காது அண்ணை.”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைமானாற்றுப் பாலம் வந்து போனது.

“சனம் நாலு கதை கதைக்கத்தான் கடைக்கு வருதெண்டு இருந்திட்டன்,” என்றார்.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “பூட்டினாப் பிறகு அந்தப் பெடியனுக்கு என்ன அடையாளம் சொல்லுறது?”

“பூட்டின கடை எண்டு சொல்லு, பிள்ளை. ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்.”