சுறா இல்லை, சூரை

1. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் கிளம்பியது.
2. எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் மடியிலிருந்த டப்பாவிலிருந்து மீன் புட்டு வாசனை வந்தது.
3. அவர் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள்.

"இன்னாக்கா, பொண்ணுக்குக் கொயந்த பொறந்துட்சா? சுறாப் புட்டு எடுத்துக்கினு போற!"

"சுறா இல்லம்மா, சூரை."

"ஐயே, சூரைல பால் ஊறாதே! மீன்காரி உன் தலையில கட்டிட்டாளா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். கொயந்த முந்தாநாளு பூட்சி. பொண்ணு சுறாப் புட்டுதான் வோணும்னு அழுவுறா. சுறா குட்த்தா பால் இன்னும் கட்டிக்கும். பூண்டுகூட போடல."

"ருசி பாத்து கண்டுபுடிச்சா இன்னா சொல்லுவ?"

"மார்க்கெட்ல சுறாவே வரலன்னுவேன்."

பொன்னேரியில் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக இறங்கினார். மகளுக்குப் பால் இன்னும் நிற்கவில்லை.