ஆற்றைப் பார்த்த பொந்து

இந்தத் தேநீரில் சர்க்கரை போதாது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், பெட்டிகுரூ அம்மா. நீங்கள் ஷெரிஃப் வேலை பார்ப்பது எங்கள் பக்கம் என்றாலும் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டன்மோரில். டன்மோர்க்காரர்கள் ஐஸ் தேநீரைக் கஷாயம் மாதிரிதான் குடிப்பார்கள். எங்கள் ஆஷ்லாக்கில் இதைக் கொடுத்தால் விருந்தாளி கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

என் பெயர் ஹாலிஸ் ட்ரெட்வே. ஆஷ்லாக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். நவம்பர் ஆட்டத்தன்று மைக்கைப் பிடித்து எங்களுக்கும் டன்மோர் கல்லூரிக்கும் உள்ள பகை வரலாற்றைச் சொல்வது என் வேலை. அதற்கு யாரும் என்னை நியமிக்கவில்லை. என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஒரே ஆற்றின் இரு கரையில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே பாட்டைத்தான் சர்ச்சில் பாடுகிறார்கள், ஒரே கெளுத்தி மீனைத்தான் பொரித்துத் தின்கிறார்கள். பகைக்கு வேறு காரணம் கிடைக்காததால் கால்பந்தை எடுத்துக்கொண்டோம். முதல் ஆட்டத்துக்கு நடுவர் ஒரு டன்மோர் பல் வைத்தியர். எங்கள் ஆட்கள் அவரைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். அவர் நீந்திக் கரையேறி, சொட்டச் சொட்ட வந்து, எங்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அடுத்த வருடம் அவர்கள் எங்கள் கோவேறு கழுதையைத் திருடி மொட்டையடித்து அனுப்பினார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடையாது. ஒருவரை ஒருவர் திட்டுவதற்காகவே ஜனங்கள் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தார்கள்.

என் மனைவி வெர்னா டன்மோர்க்காரி. ஆட்டம் நடக்கும் வாரத்தில் வீட்டில் தனித்தனி மேசையில்தான் சாப்பிடுவோம். "தோத்துட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்காதீங்க" என்பாள். அவள் இறந்துபோன பிறகு அந்த ஒரு வாரம்தான் எனக்கு மிச்சம். அதை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்தக் கோடையில் கல்லூரித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். டன்மோர் அணி பெரிய கல்லூரிகளின் லீக்குக்குப் போகிறதாம், இனி எங்களோடு ஆடாதாம். இந்த வருட ஆட்டம்தான் கடைசி.

"காலம் மாறிடுச்சு சார்" என்றார். "பசங்களுக்கு இப்ப அந்த வெறியெல்லாம் இல்ல."

அவர் சொன்னது பொய் என்று சொல்ல முடியவில்லை. நவம்பர் பிறந்ததும் மைதானத்துக்கு வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் பச்சைச் சட்டையும் அவர்கள் சிவப்புச் சட்டையும் ஒரே வண்டியின் பின்புறம் உட்கார்ந்து வேகவைத்த கடலையைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

நீங்கள் கைது செய்து வைத்திருக்கிற டன்மோர்ப் பையன் ட்ராய் லாங்கினோவையும் அங்கேதான் பார்த்தேன். அவன் ஒருவன்தான் பழைய மாதிரி.

"பெருசு, உங்க வெறகுக் குவியலுக்கு இந்த வருஷம் நான்தான் கொள்ளி வைக்கப்போறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது, பாத்துக்கங்க" என்று எல்லார் காதிலும் விழக் கத்தினான்.

"தீப்பெட்டி இருக்கா, இல்ல அதையும் உங்கம்மா வாங்கித் தரணுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குப் பிடித்த பையன் அவன்.

குவியல் விஷயம் உங்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முன்தினம் கொளுத்துவதற்காக இரு கல்லூரியும் மரக்கட்டைகளை அடுக்கும். அதற்குள் எதிரியின் குவியலைக் கொளுத்திவிடுவதுதான் வீரம். அதனால் பழைய நாட்களில் குவியலுக்குள் ஒரு பொந்து விட்டு, ஒருவரை மணியோடு உட்காரவைப்பார்கள். எதிரி வருவது தெரிந்தால் மணி அடிக்க வேண்டும். ஆபத்து என்று சொல்லிக் கல்லூரி அதை எப்போதோ தடை செய்துவிட்டது. இப்போது பொந்து கிடையாது என்றுதான் தலைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

மாணவர்கள் விடவில்லை. இந்த வருடம் மணிக்காவலுக்குப் பெயர் விழுந்தது முதலாமாண்டுப் பெண் டெஸ்ஸா கிம்ப்ரோவுக்கு. பொந்து எப்படி விடுவது என்று கேட்டு என் வீட்டுக்கே வந்தாள். நான் வரைந்து காட்டினேன்.

"வாசல எந்தப் பக்கம் வெக்கணும் சார்?"

"ஆத்துப் பக்கம்மா. எதிரி அங்கேருந்துதான வருவான்."

"இன்னொரு வழி வேணாமா?"

"ரெண்டு வழி வெச்சா அதுக்குப் பேரு காவலா? அந்தக் காலத்துல யாரும் அப்படி வெக்கல."

"சரி சார். டன்மோர்க்காரன் வரட்டும், மணியடிச்சே காதக் கிழிச்சுடுறேன்" என்றாள். உற்சாகமான பெண். வரலாற்றை இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவி எனக்கு வெகுகாலமாகக் கிடைத்ததில்லை.

புதன்கிழமை மாலை ஊர் முழுக்க சர்ச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் மண்ணெண்ணெய் கேனோடு ஆற்றோரமாக நடந்து வந்தேன். டன்மோர்க்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். வேறு பக்கம் தீ வைத்திருந்தால் அதை அவர்கள் வேலை என்று விவரம் தெரிந்த ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதனால் ஆற்றுப் பக்கமே ஊற்றினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சார், நீங்களா? நான் டன்மோர்க்காரன்னு நெனச்சு பயந்துட்டேன்" என்றாள். தெரிந்த முகம் என்பதால் மணி அடிக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்த பிறகுதான் அடித்தாள். நன்றாகவே அடித்தாள், சொல்லிக்கொடுத்தபடி, விடாமல். நான் அது நிற்கும்வரை அங்கேயே இருந்தேன். பாதியில் விட்டுப் போவது மரியாதையாகப் படவில்லை.

வெறும் விறகு எரிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். என் அப்பா காலத்தில் எங்கள் குவியல் ஒன்று எரிந்தது. அது எந்த வருடம் என்று கேட்டால் இன்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. விறகை ஜனங்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள்.

ட்ராய் கத்தியது எல்லாருக்கும் நினைவிருந்ததால் அவனைப் பிடித்தீர்கள். அதுவரை எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. பாலத்தில் எங்கள் ஆட்கள் கற்களோடு கூடுவார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் டெஸ்ஸாவின் அடக்கத்தன்று டன்மோர் பேண்டு வாத்தியக்காரர்கள் எங்கள் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ட்ராயின் அம்மா டெஸ்ஸாவின் அம்மா காலில் விழுந்தாள். டெஸ்ஸாவின் அம்மா அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு கல்லூரித் தலைவர்களும் கைகோத்து நின்று, அந்தக் கடைசி ஆட்டமும் வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஊரே அழுதது. நானும் அழுதேன். என் அழுகைக்குக் காரணம் வேறு.

நான் மனம் திருந்தி வந்திருப்பதாக உங்கள் முகம் சொல்கிறது. அப்படி எழுதிக்கொண்டாலும் சரி, உங்கள் மனது கஷ்டப்பட வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆஷ்லாக்கின் மரியாதைக்குரிய வாத்தியார், தன் கல்லூரிப் பெண்ணைத் தானே கொளுத்திவிட்டு, பழியை டன்மோரின் தலையில் போட்டான். அந்தப் பையனை ஊரே கொலைகாரன் என்று காறித் துப்பியது. அவன் அம்மாவைக் காலில் விழவைத்தது. அம்மா, நீங்களே அந்தப் பக்கத்துக்காரர். இதைக் கேட்டு நீங்களே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டீர்கள், பாருங்கள்.

நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். பதிவு ஓடுகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, தயவுசெய்து இதை இன்றைக்கே டன்மோருக்கு அனுப்பிவையுங்கள், ஆட்டம் பிழைத்துக்கொள்ளும்.