பின் அறையில் இரண்டாவது ரூட்டர்

வேகம் வேற, தாமதம் வேற அக்கா. பாதி மயிலாப்பூருக்கு இது தெரியாது. நூறு எம்பி லைன் எடுத்துட்டேன், இருநூறு எடுத்துட்டேன்னு பெருமையா சொல்லுவாங்க. தண்ணி லாரி எவ்ளோ பெருசா இருந்தா என்ன, அது தெருமுனையிலேயே நின்னு நின்னு வந்தா நம்ம குடம் எப்போ நிறையும்? நான் நந்தனத்துல ஒரு ஆபீஸ்ல பதினாறு வருஷமா நெட்வொர்க் பாக்குறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

உட்காருங்க. டீ போடட்டுமா? வேணாமா, சரி. அந்தத் துணிப்பையை நீங்க மேசை மேல வைக்கும்போதே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. என் பழைய ரூட்டர்தான். திருவல்லிக்கேணியில இருந்து நெட் ரிப்பேர் பாக்குற ஷரஃபுதீனைக் கூப்பிட்டுப் பாத்தீங்களாக்கும். கெட்டிக்காரப் பையன். என்ன சொன்னான்? "யாரோ வேணும்னே பண்ணிக்கீறாங்க அக்கா"ன்னு சொன்னானா? சரியாத்தான் சொல்லியிருக்கான். யாரோ இல்ல, நான்தான். உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல. எல்லாத்தையும் ஒழுங்கா சொல்றேன், நடுவுல அழாம கேளுங்க.

போன வருஷம் ஜூன்ல உங்க வீட்டுக்காரர் பிலிப் சார் இதே நாற்காலியில வந்து உட்கார்ந்தார். "ஆஸ்டின், கனடா பிள்ளைங்களுக்குக் காலையில கீபோர்டு கிளாஸ் எடுக்குறேன்ல, சத்தம் விட்டு விட்டு வருதுப்பா, கொஞ்சம் வந்து பாரேன்"னார். என் ஈவ்லின் போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகியிருந்தது. அவ போட்டோ அவருக்கு நேரா, இதோ இந்தச் சுவத்துலதான் மாட்டியிருந்தது. அதைப் பாத்து சிலுவை போட்டுட்டு, நெட்டைப் பத்திப் பேசினார். முடியாதுன்னு சொல்லத்தான் நினைச்சேன்.

ஆனா போனேன். பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டேன். ஹால்ல கம்பெனிக்காரன் வச்ச ரூட்டர் ஒண்ணு. பின் அறைக்கு சிக்னல் போகலன்னு நீங்களே ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிச் சொருகின ரூட்டர் இன்னொண்ணு. ரெண்டும் நான்தான் முதலாளின்னு நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் வச்சு, வர்றவனை ரெண்டு பேரும் தனித்தனியா நிறுத்தி விசாரிச்சா லேட் ஆகத்தானே செய்யும்? ரெண்டாவதை முதலாளி வேலையில இருந்து இறக்கிட்டா போதும், ஒரே ஒரு செட்டிங்தான். அதை அன்னைக்கே மாத்தினேன். எல்லாம் சுத்தமா ஓடிச்சு. நீங்க எனக்கு மீன் குழம்பு சோறு போட்டீங்க.

சாப்பிட்டுட்டு இருக்கும்போது பின் அறையில அவர் வாசிச்சார். ஈஸ்டருக்கு ஈவ்லின் பாட வேண்டிய பதிலுரைப் பாடல். பன்னிரண்டு வருஷம் அவ பாடின பாட்டு. அவ இருந்த கடைசித் தவக்காலத்துல பயிற்சி நடந்தப்போ, கோயில் பாடகர் குழு முழுசுக்கும் முன்னாடி, "ஈவ்லின், நீ லேட்டா வர்ற"ன்னு மூணு தடவை நிறுத்தினாரே, அதே பாட்டு. நாலாவது தடவை அதை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டார். அவ அன்னைக்கு வீட்டுக்கு வந்து இந்தச் சோபாவுல உட்கார்ந்து, "எனக்கு சரியா கேக்குதுங்க, வாய்தான் பின்னாடி வருது"ன்னா. அதுக்கப்புறம் அவ எந்த வீட்டு விசேஷத்துலயும் வாயைத் திறக்கல.

மீன் குழம்பைச் சாப்பிட்டு முடிச்சேன். கை கழுவும்போது முடிவு பண்ணிட்டேன்.

"இந்த ரூட்டர் மட்டமான சரக்கு சார், என்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லி மறுநாள் என்னோடதைக் கொண்டு வந்து வச்சேன். அதுல நானே ஏத்தின சாப்ட்வேர். என் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே, உங்க பின் அறைக்குப் போற சத்தத்தை எவ்ளோ நேரம் நிறுத்தி அனுப்பணும்னு சொல்ல முடியும். எப்பவும் ஒரே அளவுக்கு நிறுத்தினா மனுஷன் நெட்டைத் திட்டுவான். அதனால கொஞ்சமா, கூடக் குறைய வச்சேன். ஒரு நோட்டு நேரத்துக்கு வரும், அடுத்தது இழுத்துக்கிட்டு வரும். அதுவும் செவ்வாயும் வியாழனும் மட்டும், பிரணவ் கிளாஸ்ல மட்டும். அவர்கிட்ட இருந்த பிள்ளைங்கள்ல நல்லா வாசிக்கிற பையன் அவன்தான்.

அவர் பிரணவைத் திட்ட ஆரம்பிச்சார். தாளம் ஓடுது, தாளம் நிக்குதுன்னார். பாவம், அந்தப் பையன் அழுதுட்டான். அவங்க அம்மா அங்கேயே ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கா? கடிகாரம் மாதிரி வாசிச்சிருந்தான். நீங்க ரெண்டு பேரும் என்னைத்தான் கூப்பிட்டீங்க. நான் வந்து, ஹால்ல நின்னு, முதல் ரூட்டர்ல இருந்து போன்ல வேகத்தை எடுத்துக் காட்டினேன். தொண்ணூத்தாறு. "நெட்டு அருமையா இருக்கு சார்"னேன். நம்பரைப் பாத்ததும் நம்பிட்டீங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, எல்லாரும் அப்படித்தான் நம்புவாங்க.

"அப்போ என் காதா ஆஸ்டின்?"னு கேட்டார். நான் அவர் தோள்ல கை வச்சேன், அவ்ளோதான்.

காது டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார். மூளை டாக்டரைப் பாக்கலாம்னு சொன்னது நான்தான். அடையாறுக்கு என் கார்லயே ஒரே வாரத்துல கூட்டிட்டுப் போனேன். வெளியில உங்க பக்கத்துல உட்கார்ந்து, உங்களுக்கு காபி வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேன்ல ஒண்ணும் வரல. மனசுதான்னு சொல்லி மாத்திரை எழுதினாங்க. அந்த மாத்திரையிலதான் கை நடுங்க ஆரம்பிச்சது. அதை நான் எதிர்பாக்கல. ஆனா சந்தோஷமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

பிரணவ் நின்னுட்டான். அப்புறம் மத்த பிள்ளைங்க. குருத்தோலை ஞாயிறு பூசையில நான் மூணாவது பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தேன். வருகைப் பாட்டுக்கு அவர் ரெண்டு வரி வாசிச்சார், நிறுத்தினார். மறுபடி ஆரம்பிச்சார், மறுபடி நிறுத்தினார். அப்புறம் கீபோர்டுக்குத் துணியைப் போட்டு மூடிட்டு, குருத்தோலை புடிச்சுட்டு நின்ன அத்தனை பேருக்கும் நடுவுல நடந்து வெளியே போனார். கோயில்ல ரூட்டர் கிடையாது அக்கா. அங்க தாளம் தப்பினது அவரேதான். அதுல நான் கை வைக்கல.

இப்போ சுவத்தைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்கார்னு சொல்றீங்க. மாத்திரையை நிறுத்தினா சரியாகுமான்னு கேக்குறீங்க. நெட்டுன்னா சொல்லுவேன். மனுஷனைப் பத்தி எனக்குத் தெரியாது. ரூட்டரைக் காட்டிச் சொல்லிப் பாருங்க. நம்புவார்னு தோணல. ஒரு வருஷமா தன்னை நம்பாம இருந்து பழகிட்டார்.

ஒரு பாட்டுக்காகவா இவ்ளோன்னு கேக்காதீங்க. அவ முப்பத்தொம்பது வயசுல போனா. தலைக்குள்ள எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. கண்டுபிடிக்கும்போது நாலு வாரம்தான் மிச்சம் இருந்தது. கடைசியா அவளுக்குன்னு இருந்தது பாட்டு. அதை உங்க வீட்டுக்காரர் புடுங்கிட்டார்.

என்ன? அந்தத் தவக்காலப் பயிற்சி முடிஞ்சு பைக் நிறுத்துற இடத்துல அவர் என்கிட்ட என்ன சொன்னார்னா? நீங்க தூரத்துல நின்னு பாத்தீங்களாக்கும். உங்ககிட்டக் கூட அவர் சொன்னதில்லையா. சொல்லியிருக்க மாட்டார், அவர் அப்படித்தான்.

என் கையைப் புடிச்சுக்கிட்டார். "ஆஸ்டின், பன்னிரண்டு வருஷத்துல ஈவ்லின் ஒரு தடவை கூட தாளம் தப்பினது இல்ல. நான் மூணு தடவை போட்டுப் பாத்தேன். இது பாட்டு விஷயம் இல்லப்பா. நாளைக்கே ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டு"ன்னார். எனக்குக் கோபம் வந்துச்சு. என் பொண்டாட்டிக்கு என்ன கோளாறுன்னு இவர் யார் சொல்றதுக்கு? அவகிட்ட நான் அதைச் சொல்லவே இல்ல. ஏழு மாசம் கழிச்சு, அவ சமையல் ரூம்ல விழுந்த அன்னைக்குத்தான் டாக்டர்கிட்டப் போனோம்.

நீ லேட்டா வர்றன்னு ஊர் முன்னாடி சத்தமா சொல்லத் தெரிஞ்சவர், இதையும் அதே மாதிரி எல்லாருக்கும் முன்னாடி சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். தனியா கூப்பிட்டு, மெதுவா சொன்னா நான் எப்படி எடுத்துக்குவேன்? நியாயமா நீங்களே சொல்லுங்க அக்கா, ஈவ்லினைக் கொன்னது அவர்தானே?