கண்டாக்கையா வழியாக

கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போன ஆள் இந்த இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அக்கரப்பத்தனைக் குளிரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கொழும்பு வெயிலைப் பற்றி யார் சொன்னார்கள்? துறைமுகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பந்தயம் தொடங்கிய அன்று காலையில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என்னை யாரும் பிடித்துவரவில்லை. விபத்து என்று எழுதிக் கொழும்பில் விஷயத்தை முடித்துவிட்டார்கள். இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்திவந்த வெள்ளைக்காரத் தொரைக்கு நினைவுக்கல் நாட்டப்போகிறார்களாம். கடல் கொண்டுபோன வீரர் என்று அதில் வெட்டப்போகிறார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல் என்ன செய்தது? என் வேலைக்குக் கடல் பெயர் வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் பஸ் ஏறி நானே வந்தேன்.

என் பெயர் நல்லமுத்து. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வருஷக்கணக்காகக் கத்தி பிடித்துக் கை உரமேறிப்போனது. தொரைக்கு நுவரெலியா ஏரியில் பாய் கட்டிய சின்னப் படகு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கயிறு இழுக்க என்னைக் கூட்டிப்போவார். பிறகு கொழும்பிலிருந்து கொச்சிவரை பாய்ப்படகுப் பந்தயம் என்றதும் பெரிய படகு ஒன்று வாங்கினார். கூட வருவதாக இருந்த வெள்ளைக்கார நண்பர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் நானும் பொன்னையா கண்டாக்கும் போனோம்.

பொன்னையா எங்கள் மலையில் ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கு. தொரை இங்கிலீசில் சொல்வதை அவர் தமிழில் எங்களுக்குச் சொல்லுவார். தொரைக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. திட்டுகிற அளவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தோட்டத்தில் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆள் கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கண்டாக்கிடம், கண்டாக்கு தொரையிடம். உத்தரவும் அதே படியில்தான் இறங்கி வரும். எதிரே தொரை வந்தால் பாதையை விட்டுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவர் பேசாமல் நாம் பேசக்கூடாது.

ஒரே ஒரு தடவை நான் அந்த முறையை மீறினேன். என் சம்சாரம் ராசம்மாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று மருத்துவம் பார்த்த அம்மாக்கண்ணு சொல்லிவிட்டாள். தோட்டத்து லொறி அசைய வேண்டுமானால் தொரை வாயைத் திறக்க வேண்டும். அவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நான் கானுக்குள் இறங்காமல் நடுரோட்டில் நின்று கும்பிட்டேன்.

"தொரை, லொறி வேணுங்க. பொஞ்சாதி சாகக் கெடக்குறாளுங்க."

அவர் சத்தம் போடவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "கங்காணிக்குச் சொல்லு. கங்காணி கண்டாக்குக்குச் சொல்லும். கண்டாக்கு வந்து எனக்குச் சொல்லும்." பிறகு வண்டியை என்மேல் படாமல் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

கங்காணி வீரய்யா மேல்மலையில் நின்றார். நான் ஏறி ஓடினேன். அவர் கண்டாக்கைத் தேடித் தேயிலை பெக்டரிக்கு இறங்கி ஓடினார். பொன்னையா கண்டாக்கைக் குறை சொல்ல மாட்டேன். செய்தி காதில் விழுந்ததும் கையிலிருந்த குடையைப் போட்டுவிட்டு பங்களாவுக்கு ஓடினார். லொறியும் வந்தது. அது வந்து நின்றபோது நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளையும் போய்விட்டது. சவப்பெட்டிக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை கொடுக்கச் சொன்னார் தொரை. அந்த உத்தரவும் கண்டாக்கையா வழியாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் முறை தவறியதே இல்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன். நல்ல வேலைக்காரன் என்று தொரையே சொன்னார். ராசம்மாவை அவர் மறந்துவிட்டிருந்தார். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. ஞாபகம் வைத்திருந்தால் என்னைப் படகில் ஏற்றியிருக்க மாட்டாரே.

துறைமுகத்தில் ஓர் அதிகாரி, கொச்சிக்குப் போகிறாயே, நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டு இல்லை என்று வந்துவிட்டது. இந்தியாவை நான் கண்ணால் கண்டதில்லை. தொரை முந்திக்கொண்டு, "இவன் என் ஆள்" என்றார். அதிகாரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெடி போட்டார்கள். படகுகள் எல்லாம் ஒன்றாகப் பாய் விரித்துக்கொண்டு புறப்பட்டன. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியாத இடத்தை அன்றுதான் பார்த்தேன். கடல் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மத்தியானத்துக்குள் பொன்னையா ஐயாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. கீழே அறையில் போய்ப் படுத்துவிட்டார். அதுவரைக்கும் படகிலும் தோட்டத்து முறைதான் நடந்தது. தொரை அவரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொல்ல, நான் இழுப்பேன். மற்றப் படகுகள் கரையோரமாகப் போக, தொரை நல்ல காற்றைத் தேடித் தனியாக வெளிக்கடலுக்கு ஓட்டினார். பிறகு சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு, முன்னால் சிக்கிக்கொண்ட கயிறு ஒன்றை எடுக்கப் போனார். அந்த நேரத்தில் பாயின் அடியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் அடிமரத்தைப் பிடித்திருந்த கயிறு கட்டையிலிருந்து கழன்று, என் காலடியில் ஓடத் தொடங்கியது.

"கயிறு பிடி, நல்லமுத்து" என்று தொரை கத்தினார்.

நேராக என்னிடம் சொன்னார். கண்டாக்கையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே இல்லை. தொரைக்கு முன்னால் நிற்கிறபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடிமரம் சுழன்று போய் அவர் தலையில் அடித்தது. அவர் தண்ணீரில் விழுந்தார்.

கயிறு எப்படிக் கழன்றது என்று கேட்பீர்கள். அதைக் கடைசியாகக் கட்டியவன் நான். இறுக்கிக் கட்டச் சொல்லி உத்தரவு வரவில்லை.

காற்று போன பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. தொரை தூரத்தில் இல்லை. நெற்றியில் ரத்தம். "கயிறு போடு, நல்லமுத்து, கயிறு போடு" என்றார். அவ்வளவு சுத்தமாக அவர் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"கண்டாக்கையாகிட்ட சொல்றேங்க, தொரை. அவரு வந்து சொல்லுவாருங்க" என்றேன்.

கீழே இறங்கும் படியில் பார்த்துத்தான் கால் வைத்தேன். படகு ஆடும்போது விழுந்து வைக்கக்கூடாது. பொன்னையா ஐயாவைத் தோளில் தொட்டு எழுப்பி, தொரை தண்ணியில நிக்கிறாங்க என்று மரியாதையாகச் சொன்னேன்.

இதுவரைக்கும் நான் செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை, ஐயா. தோட்டம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தொரைக்குச் செய்து காட்டினேன். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் தலை குனிய மாட்டேன். தூக்கில் போடுவீர்களா, போடுங்கள். ராசம்மாவுக்கு ஒரு நியாயம், தொரைக்கு ஒரு நியாயமா? கல் நாட்டினால் அதில் இதை வெட்டட்டும்.

பொன்னையா ஐயா அடித்துப்பிடித்துக்கொண்டு மேலே ஓடிவந்தார். தொரை அதற்குள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார், கயிற்றைப் பிடிக்கிற தெம்பு அவரிடம் இல்லை. ஐயா கயிற்றுச் சுருளை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். சின்ன வயதில் ஆற்றில் நீச்சல் பழகியவர். குதிக்கச் சொல்லி அவருக்கு யார் உத்தரவு கொடுத்தது?

சாயந்தரம் பந்தயத்துக்கு வந்த வேறொரு படகு என்னைக் கண்டுபிடித்தது. நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஊர் வந்து சேர்ந்ததும் பொன்னையா ஐயாவின் சம்சாரம் நாகலெட்சுமி அம்மா என் லயத்துக்கு வந்தார். கண்டாக்கு வீட்டுக்காரர்கள் லயத்துப் படி ஏறுவது வழக்கமில்லை. ஒரு பெட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கடைசியா அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா, அண்ணே?"

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் நீந்திப் போய்த் தொரையின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தார். தொரை அவர் காதருகே ஏதோ முனகினார். அதைக் கேட்டுக்கொண்டு பொன்னையா ஐயா என் பக்கம் திரும்பி, வாயில் வந்த உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"நல்லமுத்து, தொரை சொல்றாங்கப்பா. கயித்தப் போடு."

முறைப்படி வந்த உத்தரவுதான் அது. கயிறும் என் கையில்தான் இருந்தது.