முன்னால் நடந்தவர்

— நில்லுங்க சம்பந்தி, நில்லுங்க! விசில் அடிச்சது காதுல விழலையா?

— விழுந்துச்சு கண்டக்டரே. ஏத்தத்துல வண்டிய நிறுத்தினா மறுபடி நகத்தறது எவ்வளவு பெரிய தொல்லைன்னு தெரியாதவன்தான் இப்படி நட்டநடு மேட்டுல விசில் ஊதுவான்.

— உங்க இடது கால் இழுக்குது. சர்ருனு ஒரு சத்தம், டொக்குனு ஒரு சத்தம். காலையிலேருந்து கேட்டுட்டே வர்றேன்.

— அது கல்லு சத்தம்.

— கல்லு முனகுமா? சொல்றேன் கேளுங்க, வேலையில இருந்தவரைக்கும் பின்படிக்கட்டுல நின்னுகிட்டே எஞ்சின் சத்தத்த வெச்சு என்ன கியர்னு சொன்ன ஆளு நான். அதோ, அந்தப் பாறை மேல உக்காருங்க.

— பாறையா? யோவ், அது முள்ளுப் புதர்!

— சரி, பாறை எங்க இருக்கோ அங்க உக்காருங்க. எது சொன்னாலும் ஒரு குத்தம்.

— பாருங்க, கோவத்துல யோவ்னு வந்துடுச்சு. என் பையனுக்கு உங்க பொண்ணக் கட்டினதிலேருந்து உங்கள மரியாதையாத்தான் பேசணும்னு வீட்டம்மா கண்டிப்பா சொல்லியிருக்கா.

— பரவால்ல. சம்பந்தி ஆறதுக்கு முன்னாடி என்னை என்னென்ன திட்டினீங்கன்னு எனக்கும் தெரியும், பஸ்ல வந்த அத்தன பேருக்கும் தெரியும். பேன்ட்டத் தூக்குங்க, தைலம் தேக்கறேன்.

— அம்மாடி... மெதுவா. மெதுவாய்யா!

— பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு. தொட்டா சுடுது.

— எல்லாம் கிளச். அந்தப் பழைய வண்டியோட கிளச்ச மிதிக்க ரெண்டு ஆள் வேணும், நான் ஒத்தக் கால்ல மிதிச்சேன். எலும்பும் எலும்பும் உரசுதாம், நடுவுல மெத்தையே இல்லையாம். ஒவ்வொரு தடவ கால ஊனும்போதும் யாரோ உள்ள ஆணிய வெச்சு ஒரு போடு போடற மாதிரி இருக்கு.

— இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. திரும்பிடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்படியே இறங்கிடலாம்.

— அதானே! தைலம் இதுக்குத்தானா? பந்தயத்துல ஜெயிக்கப் பாக்கறீங்க.

— பந்தயம் கட்டினது யாரு? ரெண்டு குடும்பமும் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தப்ப, "நான் அந்த மலை உச்சிய மிதிச்சுட்டா, முட்டி ஆபரேஷன்னு இனி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னு மார்தட்டினது யாரு?

— நான்தான். "பாதியில திரும்பினா நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கணும்"னு கூடச் சேத்துக்கிட்டது யாரு?

— நான்தான். துணைக்கு நானும் வர்றேன்னு சொன்னதும் நான்தான். அந்தப் பாவத்துக்குத்தான் கூடாரத்தையும் அடுப்பையும் முதுகுல கட்டிக்கிட்டு அலையறேன். ஆச்சு, எந்திரிங்க. ரைட் ரைட்!

— என் பை வாரப் புடிச்சு இழுக்காதீங்க. நேத்திலேருந்து பாக்கறேன், என்ன எப்பப் பாத்தாலும் அதப் புடிச்சுட்டே வர்றீங்க?

— காலமெல்லாம் கம்பியப் புடிச்சுட்டே நடந்த கை சம்பந்தி. எதையாவது புடிக்காட்டி எனக்கு நடக்க வராது.

*

— கூடாரத்துல ஒரு பக்கம் தொங்குதே, கண்டக்டரே.

— தொங்கட்டும். காத்து வர வழி வேணாமா? ரொட்டிய எடுங்க. டீ கொதிச்சுடுச்சு.

— ஆஹா... கால நீட்டி உக்காந்து ஒரு வாய் டீ உள்ள போனதும் எப்படி இருக்கு தெரியுமா? சம்பளக் கமிஷன் வந்த மாதிரி இருக்கு. முட்டி மட்டும் தனியா வேற எங்கயோ அழுதுட்டு இருக்கு. நான் இங்க சந்தோஷமா இருக்கேன்.

— ஓடைத் தண்ணில துணிய நனைச்சு சுத்தினேனே, அடங்குதா?

— ஐஸ் மாதிரி இருக்கு. பல்லு கிட்டுது. ஆனா சுகமா இருக்கு. அங்க பாருங்களேன், எதுத்த மலைய. அடடா!

— நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்.

— கண்ணு முன்னாடி இருக்கறத நான் என்னத்துக்குச் சொல்றது?

— பழக்கம்தான். நம்ம காலத்துல முன் கண்ணாடி உங்களுக்கு இருந்துச்சு. எனக்கு இருந்ததெல்லாம் ஜனங்களோட முதுகு. ரோடு எப்படி இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க.

— சரி, கேளுங்க. அடிவாரம் பூரா நிழல் விழுந்துடுச்சு. மேல மட்டும் வெயில் ஒட்டிக்கிட்டு இருக்கு, தோசைக்கல்லுல எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு. ஒரு வெள்ளைக் கோடு கீழ இறங்குது, அருவியா இருக்கணும். சத்தமே இல்ல.

— நல்லா இருக்கு. இன்னும் சொல்லுங்க.

— அவ்வளவுதான். டிரைவர்கிட்ட போய்க் கவிதை கேக்கறீங்களே.

— ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. கத்தி வெக்கறதுக்கு நீங்க பயப்படற ஆள் இல்ல. ரேடியேட்டர் வெடிச்சு கை வெந்தப்பகூட வண்டிய டிப்போல விட்டுட்டுதான் மருந்துக்குப் போனீங்க. அப்பறம் ஏன்?

— கத்தி இல்ல. மயக்கம்.

— மயக்கத்துல என்ன? தூங்கி எந்திரிக்கற மாதிரிதானே.

— அதான் வராது எனக்கு. அடுத்தவன் ஓட்டற வண்டியில நான் கண்ண மூடினதே இல்ல. பையன் கார்ல போனாலும் என் கால் தானா பிரேக்க மிதிக்கும். ரயில்ல எல்லாரும் குறட்டை விடறாங்க, நான் மட்டும் ஜன்னல்ல சிக்னல் பாத்துட்டு வருவேன். ஸ்டியரிங் அடுத்தவன் கையில இருக்கு, எங்க திருப்பறான்னு எனக்குத் தெரியாதுன்னா, என்னால சும்மா உக்கார முடியாது.

— அடுத்தவன் இல்லையே. மயக்க ஊசி போடற டாக்டர் யாரு? என் பொண்ணு. உங்க மருமக.

— தங்கமான பொண்ணு. ஆனா ரிவர்ஸ்ல வந்து எங்க வீட்டு கேட்டையே கழட்டினவ.

— கேட் வேற, ஊசி வேற சம்பந்தி!

— ரெண்டுலயும் பின்னாடி நிக்கறவன் நான்தானே.

— சிரிச்சுட்டே சொல்றீங்க. ஆனா எனக்கு மனசுல குத்துது. ஊரே அவ கையில கண்ண மூடி, கண்ணத் தொறந்து வீட்டுக்குப் போகுது. சொந்த மாமனார் மட்டும் நம்ப மாட்டேங்கறார்னா, அந்தப் பொண்ணு முகம் எப்படி இருக்கும்? நீங்க வேணாம்னு சொன்ன அன்னைக்கு அவ சமையல்கட்டுல போய் நின்னுகிட்டு ஒரே தட்டத் திரும்பத் திரும்பக் கழுவினா.

— ...அவளா?

— அவதான். சரி விடுங்க. டீ ஆறிப்போகுது. நாளைக்குக் கடைசி ஏத்தம்.

*

— கண்டக்டரே! எங்க இருக்கீங்க?

— இங்கதான். உங்க முதுகுக்குப் பின்னாடி. பை வாரு என் கையிலதான் இருக்கு.

— அடுத்த கல்லத் தவிர ஒரு எழவும் தெரியல. மூட்டம் இப்படி வந்து அப்பிக்கும்னு நெனைக்கல. இந்தச் சங்கிலி மட்டும் இல்லேன்னா...

— சங்கிலி பாறையோரமா உச்சிக்குக் கிட்ட வரைக்கும் போகுதுன்னு கீழ கூடாரம் போட்டவங்க சொன்னாங்களே. புடிச்சுட்டே போங்க. ரைட்.

— முடியல.

— என்னது?

— முடியலய்யா. கால் மேல வர மாட்டேங்குது. மடக்கினா உயிர் போகுது, ஊனினா உயிர் போகுது. அந்தப் படி மாதிரி இருக்கற கல்லப் பாத்ததுமே முட்டி நடுங்குது, பாருங்க. போதும். திரும்பிடலாம். நீங்க ஜெயிச்சுட்டீங்க, போதுமா?

— வேணாம்.

— என்ன வேணாம்?

— இந்த ஜெயிப்பு எனக்கு வேணாம். தோத்துட்டோமேன்னு பல்லக் கடிச்சுட்டு வந்து என் பொண்ணு முன்னாடி நீங்க படுக்கக் கூடாது. பந்தயத்துக்காகப் படுக்கற மாமனார வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? நீங்க மேல போறீங்க. ஜெயிச்சுட்டு வீட்டுல ஜம்முனு உக்காருங்க.

— கிறுக்கா உங்களுக்கு? உங்க பந்தயத்த நீங்களே கெடுக்கறீங்க.

— சொல்றேன் கேளுங்க. கல்ல உங்க கண்ணு பாக்குது, பாத்ததும் முட்டிக்குத் தகவல் போகுது, முட்டி பிரேக் போட்டுடுது. அதனால கண்ண மூடுங்க.

— என்ன?

— மூடுங்க. நான் முன்னாடி போறேன். இப்ப நீங்க என் பை வாரப் புடிங்க. வலது கையில சங்கிலி. கல்லு வந்தா நான் சொல்றேன், எவ்வளவு உயரம்னு சொல்றேன். நல்ல கால முதல்ல வெச்சு, கெட்ட கால அப்பறமா தூக்குங்க.

— இந்த மூட்டத்துல உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?

— மூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணுதான். லைட் எரியாத பஸ்ல, மூச்சு விட எடமில்லாத கூட்டத்துல, கம்பியத் தடவிக்கிட்டே ஒருத்தர் கால மிதிக்காம போய்ட்டு வந்தவன் நான். மூடினீங்களா?

— ...மூடிட்டேன்.

— கல்லு. முழங்கால் உயரம். ஏறுங்க. அப்படித்தான். அடுத்தது சின்னது. வெச்சுட்டீங்களா? ரைட்.

— ஆ...!

— கத்துங்க, நல்லா கத்துங்க. இங்க எவன் இருக்கான் கேக்க? வழவழன்னு ஒரு பாறை, சரிவா இருக்கு. அவசரம் வேணாம். இடது பக்கம் வராதீங்க.

— இடது பக்கம் என்ன இருக்கு?

— காத்துதான் இருக்கு. வராதீங்க.

— யோவ்!

— நில்லுங்க. சங்கிலி முடிஞ்சுடுச்சு.

— முடிஞ்சுடுச்சா? கண்ணத் தொறக்கட்டுமா?

— தொறந்து என்ன பண்ணப் போறீங்க, வெள்ளையாத்தான் தெரியும். அசையாம இருங்க. ஊனிட்டு வந்த குச்சிய வெச்சுத் தட்டிப் பாக்கறேன்... இது கெட்டி. இது லொடலொட. இங்க மண்ணு மிதிபட்டு இறுகியிருக்கு... இந்தப் பக்கம்தான் எல்லாரும் நடந்திருக்காங்க. வாங்க.

— நிச்சயமாத் தெரியுமா?

— உங்க வண்டியில நான் ஒரு நாளாவது நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டிருக்கேனா?

— ...இல்ல.

— அப்ப வாங்க. ரைட். ரைட்... ரைட்... வலி எப்படி இருக்கு?

— இருக்கு. அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்கு வர்றேன். வேடிக்கையா இல்ல? கால் பிரேக் மிதிக்கவே இல்ல கண்டக்டரே.

— நின்னுடுங்க.

— ஏன்? மறுபடி என்ன?

— மேல ஏற ஒண்ணுமே இல்ல. எல்லாப் பக்கமும் தட்டிப் பாத்துட்டேன், இறக்கம்தான். கண்ணத் தொறங்க.

*

— கண்டக்டரே... மூட்டம் கலையுது. அம்மாடியோ. கால் கீழ உலகம்! நேத்து நாம படுத்த ஓடை, ஒரு நூல் மாதிரி தெரியுது. அதுக்கும் அந்தாண்ட மலை, அதுக்கும் அந்தாண்ட மலை. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, எல்லாம் துண்டு துண்டா நமக்குக் கீழ கெடக்கு.

— சொல்லுங்க, சொல்லுங்க. நிறுத்தாதீங்க.

— ஏன் அழறீங்க?

— காத்து. நீங்க ஏன் மூக்க உறிஞ்சறீங்க?

— முட்டி வலி. உக்காருங்க பக்கத்துல. மெதுவா, அங்க கல்லு இருக்கு... இடிச்சுட்டீங்களா? அந்தக் கடைசி ரொட்டிய ரெண்டா பிச்சுக்கலாம். இந்த மாதிரி ஒரு ரொட்டி நான் தின்னதே இல்லய்யா.

— நேத்து இதையே வரட்டின்னு சொன்னீங்க.

— நேத்து உச்சியில இல்லையே.

— பந்தயத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க சம்பந்தி. இனி ஆபரேஷன்னு என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது. என் பொண்ணும் கேக்க மாட்டா.

— இருங்க, போன்ல சிக்னல் ரெண்டு கோடு காட்டுது. மருமகளுக்குப் போடறேன்.

— இப்ப எதுக்கு அவளுக்கு? ஊருக்குப் போய்ப் பேசிக்கலாமே.

— மணி அடிக்குது, சும்மா இருங்க. அம்மாடி, மாமா பேசறேன்!

— மாமா! எங்கருந்து பேசறீங்க? ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?

— உச்சியில உக்காந்துட்டு பேசறேன். ஜெயிச்சாச்சு!

— அடேயப்பா! சரி மாமா, சொன்ன சொல் சொன்னதுதான். இனி முட்டியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— நீ தொறக்க வேணாம், நான் தொறக்கறேன். நாள் குறிம்மா. ஊசிய நீயே போடு, வேற எந்த டாக்டரும் வேணாம்.

— மாமா! நெஜமாவா சொல்றீங்க? என்ன திடீர்னு?

— கடைசி ஏத்தம் பூரா கண்ண மூடிட்டு ஏறினேன்மா. வாழ்க்கையிலயே முதல் தடவ. மூட்டம்னா மூட்டம், அப்படி ஒரு மூட்டம். உங்கப்பாதான் முன்னாடி நடந்தார், நான் அவர் பையப் புடிச்சுட்டு பின்னாடியே வந்தேன். அவர நம்பி இந்தப் பாறையில வந்தவன், உன்ன நம்பி ஒரு கட்டில்ல படுக்க மாட்டேனா? ...என்னம்மா, அழறியா?

— போன இப்படிக் குடுங்க சம்பந்தி, சிக்னல் போயிடப் போகுது...

— இருங்கய்யா, புள்ள என்னமோ சொல்ல வர்றா. சொல்லும்மா.

— மாமா... அப்பாவா முன்னாடி நடந்தார்? உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டதாவும், நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்கன்னும் சொல்லித்தானே கிளம்பினார்! அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கெடக்கு மாமா, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சதும் பயந்து போய்த்தான் உங்ககூட மலைக்கே ஓடி வந்தார், கைய நீட்டினா அவர் விரலே அவருக்குத் தெரியாது!