அண்ணனுக்காக வனைந்த ஜாடி

மூடி ஜாடி செய்வதில் ஜாடி பெரிய விஷயமில்லை, ஐயா. மூடிதான் வேலை வாங்கும். இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் சக்கரத்தில் வனைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தே காயவிட வேண்டும். அப்போதுதான் சேர்ந்து சுருங்கும். ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது.

வனைவது நான், விற்பது என் அண்ணன். கீழே பட்டறையும் கடையும் என் அறையும். மாடியில் அவரும் அண்ணியும். நல்ல மனிதர். தங்கை எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் நான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தால், நாற்பது ஜாடிகளின் மூடிகளையும் உப்புத்தாளால் ஓரம் தேய்த்துத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

"இனிமே எந்த மூடியும் எதுக்கும் உட்காரும். உனக்கும் வேலை மிச்சம்" என்றார்.

"சரிண்ணா" என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியமே அவருக்கென்று ஒரு ஜாடி வனைந்தேன். தினமும் எலுமிச்சைச் சாறு குடிப்பவர். பிழிந்து ஊற்றிவைக்கத் தோதாக இருக்கும். உள்ளே பூசியது ஈயம் கலந்த பழைய மெருகு. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது என்று எப்போதோ ஒதுக்கியது. புளிப்பு பட்டால் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மெருகு அழகாகப் பிடித்திருந்தது. அண்ணன் வாய் நிறையப் பாராட்டினார்.

முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு மணிக்கட்டு துவண்டது. டாக்டர் நரம்புக் கோளாறு என்றார், அண்ணி மனக்கவலை என்றார். ஒருநாள் மூடியை எடுக்க முடியாமல் அண்ணன் தடுமாறினார்.

"கொஞ்சம் திறந்து குடும்மா."

திறந்து, டம்ளரில் ஊற்றியும் கொடுத்தேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான்தான் ஊற்றினேன். கூடப்பிறந்தவள் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

ஆக, அண்ணனைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அண்ணி இப்போது ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு என்மேல் பழி போடாதீர்கள். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அவராகத்தான் வந்து கேட்டார்: "அவர் தினமும் தொட்டுப் புழங்கினது. நான் வச்சுக்கட்டுமா?"

புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறார். இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.