தண்ணி அடிச்ச மாப்பிள்ளை

— இனி ஒரு கதையும் இல்லைப் பிள்ளை. அந்தச் சம்பந்தம் வேண்டாம். துஷானி வேலையாலை வரட்டும், கோட்டைக் கழட்ட முதலே சொல்லிப்போடுவன்.

— ஆன்ட்டி, ஒரு நிமிஷம். நான் இன்னும் செருப்பையே கழட்டல. புது வருஷமாச்சேன்னு மேல் வீட்டுலேர்ந்து பாயசம் எடுத்துட்டு வர்றேன், நீங்க சம்பந்தம் வேண்டாங்கறீங்க. எந்தச் சம்பந்தம்? பாங்காக் மாப்பிள்ளையா?

— வேறை எத்தினை மாப்பிள்ளை வைச்சிருக்கிறன் நான்? அவர்தான், ஐங்கரன்.

— ஜூன்ல உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆன்ட்டி! ஹால் எடுத்தாச்சு, ஐயர்கிட்டச் சொல்லியாச்சு. டோர்ட்மண்ட்ல உங்க சொந்தக்காரங்கள்ல யாருக்குத் தெரியாது?

— சொன்ன வாயாலையே இல்லையெண்டும் சொல்லலாம். பார்கவி, அந்தப் பாயசத்தை அங்காலை வையும். எனக்கு இப்ப இனிப்பு இறங்காது.

— அப்படி என்னதான் பண்ணாரு?

— அதை உம்மடை மனுசனைக் கேளும்.

— பார்த்தசாரதியையா? அவரு ஆபீஸ் வேலையாப் பாங்காக் போயிருக்காரு. துஷானி குடுத்த சட்டையக்கூட மாப்பிள்ளைகிட்டச் சேத்துட்டேன்னாரே.

— சேத்தவர்தான். சேத்துப்போட்டு வெள்ளிக்கிழமை எனக்குப் போன் எடுத்தவர். “பையன் தண்ணி அடிச்சிட்டு இருக்கார் ஆன்ட்டி” எண்டு சொல்லுறார். சிரிச்சுக்கொண்டு சொல்லுறார், கண்டீரோ!

— எங்க வீட்டுக்காரரா அப்படிச் சொன்னாரு?

— லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது. எண்டாலும் நான் செவிடியில்லை. நடு ரோட்டிலையாம். பொலிஸ்காரனும் சேந்தாம். போத்தில் கீத்தில் இல்லைப் பிள்ளை, ட்ரம்! பிக்கப்பிலை ட்ரம் ஏத்தி வைச்சு அடிக்கிறாங்களாம். நிக்கவே முடியலையாம். மூஞ்சையெல்லாம் மாவாம். மூஞ்சைக்கு எங்கையிருந்து மாவு வந்தது? எந்தக் கடை வாசலிலை விழுந்து கிடந்தாரோ ஆருக்குத் தெரியும்.

— ஐயோ சாமி…

— சிரிக்காதையும்!

— சிரிக்கல ஆன்ட்டி. சத்தியமா இல்ல. ட்ரம்மா… ஐயோ, வயிறு வலிக்குது எனக்கு.

— சிரியும், நல்லாச் சிரியும். குடிகாரனோடை இருந்தவளுக்குத்தான் அது விளங்கும். துஷானியின்ரை தேப்பனை நீர் காணேல்லை. நீங்கள் இந்த வீட்டுக்கு வர முதலே மனுசன் கண்ணை மூடிட்டுது. படியிலை சத்தம் கேட்டா நாங்கள் ரெண்டு பேரும் லைற்றை நூத்துப்போட்டு மூச்சு விடாமல் கிடப்பம். என்ரை பிள்ளை குளியலறைக்கை கதவைப் பூட்டிப்போட்டிருந்து படிச்சுத்தான் நேர்ஸ் ஆனவள். அந்த மணத்தோடை ஒருத்தன் திரும்ப இந்த வாசல் மிதிக்கக் கூடாது. எனக்குப் பயமாக் கிடக்குப் பிள்ளை. கோவம் இல்லை, பயம்.

— மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. சத்தியமா எனக்கு அது தெரியாது. இப்படி உக்காருங்க, கையக் குடுங்க. நான் உங்களப் பாத்துச் சிரிக்கல, எங்க வீட்டுக்காரரோட தமிழ நெனச்சுச் சிரிச்சேன். லைன் விட்டு விட்டுக் கேட்டுச்சுன்னீங்கள்ல? நடுவுல ஒரு வார்த்தை போயிடுச்சு.

— என்ன வார்த்தை?

— ‘மேல’. மேல தண்ணி அடிக்கறாங்க. ஆளுங்க மேல. பச்சைத் தண்ணி ஆன்ட்டி, குழாய்த் தண்ணி!

— என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? பொலிஸ்காரன் நடு ரோட்டிலை நிண்டு சனத்துக்குத் தண்ணி ஊத்துவானோ?

— ஊத்துவான். அவன் தலையிலயும் ஊத்துவாங்க. அங்க இப்பப் புது வருஷம். சொங்கிரான்னு பேரு. நம்ம சங்கராந்திதான் அவங்க வாயில அப்படி ஆயிடுச்சு. நேத்து நமக்கு வருஷம் பொறந்துச்சுல்ல, அதே சூரியன் அதே மேஷத்துக்குப் போறதுதான். நீங்க மருத்துநீரத் தலையில வெச்சுக் குளிக்கறீங்க, அவங்க பக்கெட்டு பக்கெட்டா அடுத்தவன் தலையில கவுக்கறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

— அப்ப அந்த ட்ரம்?

— தண்ணி ட்ரம். பிக்கப்ல வெச்சு ஊரச் சுத்திட்டே ஊத்துவாங்க. நல்லா வெயில் கொளுத்தும், அதுல ஐஸ்கட்டி வேற போடுவாங்க பாவிங்க. நாங்க ஜெர்மனிக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கதான இருந்தோம்? மொதல் வருஷம் எனக்குத் தெரியாது. பட்டுப்புடவை கட்டிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டேன். தெருமுனை தாண்டல. அந்தப் புடவையோட சாயம் இன்னும் என் உள்பாவாடையில இருக்கு.

— மாவு?

— வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒண்ணு, கரைச்சுக் கன்னத்துல பூசுவாங்க. தெரியாதவங்களும் வந்து பூசிட்டு, கும்பிட்டுட்டுப் போவாங்க.

— நிக்கவே முடியலையெண்டு சொன்னவரே?

— அது எங்க வீட்டுக்காரர் தன்னையச் சொன்னது! அவருக்கு எதுலதான் நிக்க முடிஞ்சுது? நனைஞ்ச செருப்பு வழுக்கி விழுந்துட்டாராம். உங்க மாப்பிள்ளைதான் தூக்கி விட்டாராம். அதுல மாப்பிள்ளையோட போன் ட்ரம்முக்குள்ள விழுந்துடுச்சாம். இதெல்லாம் நேத்து ராத்திரி எனக்குச் சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

— கடவுளே. அதுதானோ நான் எடுக்க எடுக்க மணியே அடிக்கேல்லை? போனை ஓஃப் பண்ணிப்போட்டுக் குடிச்சுக்கொண்டு கிடக்கிறாரெண்டெல்லோ நினைச்சனான்.

— போன் பாவம் குளிச்சுட்டு இருந்திருக்கு ஆன்ட்டி.

— பொறும், பொறும். இது ஒண்டுக்குச் சொல்லிப்போட்டீர். மற்றதுகளுக்கு என்ன சொல்லுவீர்? அவர் எடுக்கிறதே அங்கத்தை லீவு நாளிலைதான். கல்லுப் பட்டை தீட்டுற கடை, மற்ற நாளிலை தலை நிமித்த விடாங்களாம். இவள் போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டுத்தான் சமைக்கிறவள், எனக்கு எல்லாம் கேக்கும். நவம்பரிலை நகத்தையும் தலைமயிரையும் வெட்டி வாழைத்தண்டிலை வைச்சு, மெழுகுதிரி கொழுத்தி ஆத்திலை விட்டவராம். அது சூனியமில்லாமல் வேறை என்ன? நான் அண்டைக்கே தேசிக்காய் வெட்டிக் காலுக்கை போட்டனான்.

— அது லோய் கிரதோங்! சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பௌர்ணமிக்கு ஆத்துல விளக்கு விடறது. வருஷம் முழுக்க ஆத்தை அசிங்கம் பண்ணினதுக்கு மன்னிப்புக் கேப்பாங்க. நகமும் முடியும் வெச்சா நம்ம பீடையெல்லாம் அதோட போயிடும்னு நம்பிக்கை. அதிருக்கட்டும், அன்னைக்கு அவரு யாரோட பீடை போகணும்னு விட்டாராம்?

— அதுவோ… துஷானியின்ரையும் என்ரையும் சேத்துத்தான் எண்டவர்.

— நீங்க எலுமிச்சம்பழம் வெட்டியிருக்கீங்க!

— சரி, சரி. மாசியிலை தாமரைப்பூவும் மெழுகுதிரியும் கொண்டு புத்த கோயிலை மூண்டு தரம் சுத்தினவர். நல்ல சைவப் பெடியன், மதம் மாறிப்போட்டாரோ எண்டு எனக்கு நித்திரையில்லை.

— மாக பூச்சான்னு சொல்வாங்க. மாசிப் பௌர்ணமி. முதலாளி கூப்பிட்டிருப்பாரு, போயிருப்பாரு. சிலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கே, நவராத்திரிக்கு அங்க வந்து பாருங்க, வெள்ளை உடுத்திட்டு ரோடு முழுக்க தாய்க்காரங்கதான். அவங்க யாரும் மதம் மாறிட்டாங்களா? நல்ல நாள்னா அங்க எல்லாரும் எல்லாச் சாமியையும் கும்பிடுவாங்க. வைகாசிப் பௌர்ணமி உங்க ஊர்ல வெசாக்குதானே?

— ஓம், வெளிச்சக்கூடு கட்டி லைற் போடுவாங்கள். பௌர்ணமிப் போயாவுக்குச் சாராயக்கடையும் பூட்டு.

— அங்கயும் அப்படித்தான். பெரிய பௌர்ணமிக்கெல்லாம் பாரை மூடிடுவாங்க. ஆனா ஆன்ட்டி, ஒண்ணு சொல்லிடறேன். இந்த மூணு நாள் சொங்கிரான்ல குடிக்கறவங்களும் உண்டு. உங்க மாப்பிள்ளை மொத்தமாவே குடிக்க மாட்டாரான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அத நீங்க அவர்கிட்டயே கேக்கணும்.

— கேக்கலாம். கேக்கிறதுக்கு எனக்கு இப்ப என்ன முகம் கிடக்கு?

— ஏன் இப்படி மூஞ்சி வெளுத்துப்போச்சு? எல்லாம் சரியாயிடுச்சே. துஷானிகிட்ட நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே?

— அவளுக்குச் சொல்லேல்லை. அவரின்ரை தாய்க்குச் சொல்லிப்போட்டன்.

— என்னது?

— நேற்று வெள்ளவத்தையிலை இருக்கிற அவவுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன் பிள்ளை. வருசப்பிறப்பும் அதுவுமா. வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தனான், குரலைக் கேட்டவுடனை பொத்துக்கொண்டு வந்திட்டுது. உங்கடை மகன் குடிகாரன், என்ரை பிள்ளையைத் தரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவ அடுப்பிலை பால் பொங்குதெண்டு போனை வைச்சுப்போட்டா. கடவுளே, ஒரு குற்றமும் செய்யாத பெடியனை, நல்ல நாளிலை, பெத்த தாய்க்கு முன்னாலை… என்ரை வாய் அழுகிப்போக.

— அழாதீங்க ஆன்ட்டி. இருங்க, போன் அடிக்குது.

— நான் எடுக்கமாட்டன். அங்கை இண்டைக்கும் லீவுதானே, அவராத்தான் இருக்கும். தாய் சொல்லியிருப்பா. நீர் எடுத்து நான் இல்லையெண்டு சொல்லும்.

— இத நான் சொல்ல முடியாது. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே பேசுங்க.

— ஹலோ… துஷானியோ?

— அவள் வேலை. நான்தான் தம்பி, சிவமலர்.

— அன்ரி! வருச வாழ்த்துகள். என்ரை போன் தண்ணிக்கை விழுந்திட்டுது, அதுதான் எடுக்க ஏலாமல் போச்சு. கடைப் போனிலையிருந்து கதைக்கிறன். துஷானி தந்துவிட்ட சேட்டு அளவாக் கிடக்கு அன்ரி. நேற்றுக் கோயிலுக்குப் போட்டனான், திரும்பி வரேக்கை அதையும் நனைச்சுப்போட்டாங்கள்.

— தம்பி, நான் ஒண்டு கேப்பன், ஒளிக்காமல் சொல்லும். நீர் குடிக்கிறனீரோ?

— …முந்தி பியர் குடிச்சனான் அன்ரி. வந்த புதிசிலை, ரூமிலை எல்லாரும் எடுக்கேக்கை. போன ஆடியிலை இஞ்சத்தைச் சனம் மழைக்கால விரதம் தொடங்கேக்கை, எங்கடை முதலாளி மூண்டு மாசம் குடியை விட்டவர். நானும் அவரோடை விட்டனான். விரதம் முடிய அவர் திரும்பத் தொடங்கிட்டார், நான் தொடங்கேல்லை. துஷானிக்கு அப்பவே எழுதிச் சொன்னனான். ஏன் அன்ரி, அவள் உங்களுக்குச் சொல்லேல்லையோ?

— எனக்குச் சொன்னா நான் என்ன செய்வனெண்டு அவளுக்குத் தெரியும் தம்பி.

— பயப்பிடாதேங்கோ அன்ரி. அவள் எனக்கு வீட்டுக்கதை எல்லாம் சொன்னவள். தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான்.

— ஆன்ட்டி, இப்பயாவது அழுகைய நிறுத்துங்க. நல்ல பையன் ஆன்ட்டி, சத்தியமா நல்ல பையன். கேக்க வேண்டியதக் கேளுங்க.

— தம்பி… அம்மா உம்மோடை கதைச்சவவோ? நேற்று நான் அவவுக்கு எடுத்தனான். எடுத்து…

— ஓம் அன்ரி, இப்பத்தான் கதைச்சனான். சம்பந்தியம்மா எடுத்து வருச வாழ்த்துச் சொன்னவ எண்டு சொன்னவ. மருத்துநீர் வைச்சு முழுகினதிலை காதுக்கை தண்ணி போய் அடைச்சுப்போட்டுதாம், அதுக்குப் பிறகு நீங்கள் கதைச்சது ஒண்டும் கேக்கேல்லையாம், திரும்பச் சொல்லவும் வேண்டாமாம்.